கெட்டி புஷ் மாட்டுன பிறகு கேபினுக்குள்ள சத்தம், நடுக்கம்: அறிகுறியை வச்சு காரணத்தை பிடிக்கிறது எப்படி

சஸ்பென்ஷன் மூட்டுல இருந்த ரப்பர் புஷ்ஷை எடுத்துட்டு பாலி (பாலியூரிதேன்) புஷ் மாட்டியாச்சு, ஸ்டியரிங்கை திருப்புனா வண்டி உடனே திரும்புது, வளைவுல முன்ன மாதிரி சாயல, ஓட்டவே ஆசையா இருக்கு. ஆனா சிக்னல்ல நின்னா சீட்டு நடுங்குது, ஹைவேல ஒரு உறுமல், ஸ்பீடு பிரேக்கர் ஏறுனா கிரீச்னு ஒரு சத்தம். இந்த இடத்துல பாதி பேர் "பாலின்னா அப்படித்தான்"னு பொறுத்துக்கிறாங்க, மீதி பேர் வெறுத்துப்போய் மொத்தத்தையும் கழட்டி பழைய ரப்பரையே போட்டுடறாங்க. ரெண்டுக்கும் முன்னாடி ஒரு மணி நேரம் செலவு பண்ணி சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பார்த்தா, நிறைய வண்டில ஒரே ஒரு புஷ்ஷையோ ஒரே ஒரு போல்ட்டையோ சரி பண்ணாலே பிரச்சனை முடிஞ்சிடும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும். கம்பெனி ரப்பர் புஷ்ல ரப்பரை உள் சிலீவோடயும் வெளி ஷெல்லோடயும் ஒட்ட வச்சிருப்பாங்க, வீலை பிடிச்சிருக்கிற ஆர்ம் மேலயும் கீழயும் ஆடும்போது ரப்பரே முறுக்கிக்கிட்டு ஆடும், எங்கயும் உரசல் கிடையாது. பாலி புஷ் அப்படி ஒட்டினது இல்ல, கதவு கீல் மாதிரி உள்ள இருக்கிற சிலீவ் சுத்தி சுத்தி வேலை செய்யும், அதனால கிரீஸ் இல்லன்னா கத்தும். கெட்டித்தனமும் வேற. கம்பெனி ரப்பர் பொதுவா ஷோர் ஏங்கிற கெட்டித்தன அளவுல 50லேர்ந்து 65க்குள்ள இருக்கும், ரோட்டுக்கு விக்கிற பாலி 70லேர்ந்து 80, டிராக்குக்குன்னு வர்றது 95 வரைக்கும் போகும். இன்னொரு விஷயம், கம்பெனி புஷ்ல அங்கங்க வேணும்னே ஓட்டை விட்டிருப்பாங்க, அந்த திசையில மட்டும் மெத்துன்னு இருக்கறதுக்காக. பாலில பெரும்பாலும் அந்த ஓட்டை இருக்காது, அதனால கெட்டித்தனம் கொஞ்சம் கூடுறதா நம்பர்ல தெரிஞ்சாலும், அந்த ஒரு திசையில பல மடங்கு கூடிடும்.

அதனால புஷ் மாத்துனதும் வர்ற சத்தம் மூணு வகையில ஒண்ணாத்தான் இருக்கும். காஞ்ச பாலி உரசுறது, லூசா இருக்கிற இரும்பு தட்டுறது, இல்லன்னா முன்னாடியே இருந்த அதிர்வை இப்ப புஷ் தடுக்காம உள்ள விடுறது. முதல் ரெண்டும் ஃபிட்டிங் கோளாறு, கண்டிப்பா சரி பண்ணலாம். மூணாவதுல பாதி வேற எங்கயோ இருக்கிற கோளாறு, டயர், மிஸ்ஃபயர் (ஒரு சிலிண்டர் சரியா எரியாதது), சைலன்சர் இப்படி. மீதி பாதிதான் நிஜமாவே பாலியோட விலை.

நான் இங்க உதாரணத்துக்கு எடுத்துக்கிறது போலோ, வென்டோ மாதிரி வண்டிங்க. முன்னாடி மெக்பெர்சன் ஸ்ட்ரட், எல் வடிவ லோயர் ஆர்ம், பின்னாடி ரெண்டு வீலையும் சேர்க்கிற ட்விஸ்ட் பீம், இன்ஜின் மேல ரெண்டு மவுண்டிங்ல தொங்கும், கீழ எலும்புத் துண்டு வடிவத்துல டாக்போன் மவுண்ட் ஒண்ணு அது முன்ன பின்ன ஆடாம பிடிச்சிருக்கும். 2022ல இந்தியாவுல போலோ தயாரிப்பு நின்னதுக்கு அப்புறம் வச்சிருக்கிறவங்க விக்க மனசில்லாம புஷ், மவுண்டிங் எல்லாம் மாத்தி மாத்தி ஓட்டறாங்க. அமைப்பு இதே மாதிரி இருக்கிற எந்த ஃப்ரண்ட் வீல் டிரைவ் சின்ன காருக்கும் இது பொருந்தும்.

எதோட சேர்ந்து வருதுன்னு முதல்ல பாருங்க

ஸ்பேனரை தொடறதுக்கு முன்னாடி வண்டியை ஓட்டிப் பாருங்க, பாட்டு, ஏசி ஃபேன் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு, டாஷ்போர்டு டப்பாவுல கிடக்கிற சில்லறை, டிக்கில இருக்கிற ஜாக், தண்ணி பாட்டில் எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு. ஸ்டெப்னியை பிடிச்சிருக்கிற போல்ட்டை ஒரு சுத்து டைட் பண்ணுங்க, ஏன்னா பாலி போட்ட பிறகு பாடிக்கு வர்ற சின்ன அதிர்வுல கூட இதெல்லாம் கடகடக்கும், அதை சஸ்பென்ஷன் சத்தம்னு நினைச்சு நாள் முழுக்க வீணாக்குவீங்க.

வண்டி நிக்கும்போதே ஆக்சிலரேட்டர் மிதிச்சா சத்தம் வருதா? அப்ப அது இன்ஜின் பக்கம். காலி ரோட்டுல 80ல போயிட்டு நியூட்ரலுக்கு தள்ளி இன்ஜினை ஐடிலுக்கு விடுங்க (ஆஃப் பண்ணாதீங்க, பிரேக் பூஸ்டரும் ஸ்டியரிங்கும் கெட்டியாயிடும்). சத்தம் அப்பவே நின்னா இன்ஜின், கியர்பாக்ஸ், மவுண்டிங் பக்கம். அப்படியே தொடர்ந்து வேகம் குறைய குறைய அதுவும் குறைஞ்சா வீல், டயர், பேரிங் பக்கம். ரோடு மாறும்போது, அதாவது புது தார் ரோட்டுலேர்ந்து கான்கிரீட்டுக்கோ சொரசொரப்பான பழைய ரோட்டுக்கோ போகும்போது சத்தம் மாறுதுன்னா டயர் இரைச்சல் ஆர்ம் வழியா உள்ள வருது. வேகமே இல்லாம பள்ளத்துல, ஸ்பீடு பிரேக்கர்ல மட்டும் வருதுன்னா உரசல் இல்லன்னா தட்டல்.

கையில இருக்கிற ஃபோனே நல்ல கருவி. ஜெர்மனியில ஆகென் பல்கலைக்கழகத்துல பண்ண ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, அதுல ஆக்சிலரேஷன் ஸ்பெக்ட்ரம்னு ஒண்ணு வரும். ஃபோனை சீட் ரெயில் மேலயோ கன்சோல் மேலயோ டேப் போட்டு ஒட்டிட்டு பக்கத்துல ஒருத்தரை உட்கார வச்சு பார்க்க சொல்லுங்க, எத்தனை ஹெர்ட்ஸ்ல உச்சம் வருதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. கணக்கு சுலபம். 4 சிலிண்டர் இன்ஜின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை எரியும், 3 சிலிண்டர் ஒன்றரை தடவை. 800 ஆர்பிஎம் ஐடில்ல 4 சிலிண்டருக்கு சுமார் 27 ஹெர்ட்ஸ், 3 சிலிண்டருக்கு 20 ஹெர்ட்ஸ். வீலுக்கு, 185/60 ஆர்15 டயர் 100 கிமீ வேகத்துல நொடிக்கு சுமார் 15 தடவை சுத்தும், அப்ப 15 ஹெர்ட்ஸ்ல உச்சம் நின்னா வீல் பக்கம் போங்க.

நிக்கும்போது சீட்டும் ஸ்டியரிங்கும் நடுங்குது, ஏசி போட்டா இன்னும் ஜாஸ்தி

டாக்போன் ரப்பர்ல இருக்கிற இடைவெளியில பாலி இன்சர்ட் (சொருகுற துண்டு) போட்டவங்களுக்கு வர்ற முதல் புகார் இதுதான், லோயர் ஆர்ம் புஷ் மட்டும் மாத்துனவங்களுக்கு இது வரக்கூடாது. அப்படி வந்தா சப்ஃப்ரேமை (லோயர் ஆர்ம் மாட்டியிருக்கிற அடிச்சட்டம்) இறக்கும்போது டாக்போன் போல்ட்டை கழட்டி இழுத்த மாதிரி மாட்டியிருக்காங்கன்னு சந்தேகப்படுங்க.

ஏன் இவ்வளவு வித்தியாசம்னா, மவுண்டிங் மேல உட்கார்ந்திருக்கிற இன்ஜினுக்கு தானா ஆடுற ஒரு வேகம் இருக்கு, 10 ஹெர்ட்ஸ்னு வச்சுக்குவோம். 3 சிலிண்டர் இன்ஜின் 20 ஹெர்ட்ஸ்ல உதறும்போது, டேம்பிங்கை (அதிர்வை அடக்குற தன்மை) விட்டுட்டு கணக்கு போட்டா அதுல மூணுல ஒரு பங்குதான் பாடிக்கு வரும். மவுண்டிங் கெட்டித்தனத்தை ரெண்டு மடங்கு ஆக்குங்க, அந்த 10 ஹெர்ட்ஸ் 14 ஆயிடும், அப்ப உதறல் முழுசா அப்படியே பாடிக்கு வந்துடும். அதே மாத்தத்தை 4 சிலிண்டர்ல பண்ணா 16 சதவீதம் வந்துட்டிருந்தது 39 சதவீதம் ஆகும், கூடத்தான் செய்யும், ஆனா தாங்கலாம். ஒரே இன்சர்ட்டை 4 சிலிண்டர் 1.2 டிஎஸ்ஐ வச்சிருக்கிறவர் "ஒண்ணுமே தெரியல"ன்னும், 3 சிலிண்டர் வச்சிருக்கிறவர் "பல்லு ஆடுது"ன்னும் சொல்றதுக்கு காரணம் இதுதான், ரெண்டு பேரும் உண்மைதான் சொல்றாங்க.

பார்க்க வேண்டியது. ஐடில்ல லேசா ஆக்சிலரேட்டர் தொட்டு 900, 950 ஆர்பிஎம் வச்சுப் பாருங்க, நடுக்கம் சட்டுன்னு குறைஞ்சா மவுண்டிங் கெட்டித்தனம்தான் காரணம் (மேல சொன்ன கணக்குலயே 800லேர்ந்து 900க்கு போனா முழுசா வந்தது 65 சதவீதமா குறையும்). 1500 வரைக்கும் போயும் நடுக்கம் குறையாம சீரில்லாம உதறுனா மிஸ்ஃபயர் இருக்கான்னு ஓபிடி ஸ்கேனர்ல பாருங்க. பழைய பிளக், வீக்கான காயில், அழுக்கு த்ராட்டில் பாடி, இதெல்லாம் மெத்துன்னு இருந்த மவுண்டிங் மறைச்சு வச்சிருக்கும், இப்ப மறைக்காது. 40,000 கிமீ ஓடின பிளக்கை மாத்துறது இன்சர்ட்டை கழட்டறதை விட சுலபம், அதை முதல்ல பண்ணுங்க.

அடுத்தது மேல இருக்கிற ரெண்டு மவுண்டிங். பழைய வண்டில அது அமுங்கிப்போய் இன்ஜின் சில மில்லிமீட்டர் கீழ இறங்கியிருக்கும், கீழ கெட்டி டாக்போன் போட்டதும் மொத்த அமைப்பும் இழுத்துக்கிட்டு நிக்கும். மேல மவுண்டிங் நல்லா இருந்தா, டாக்போன் போல்ட்டுகளையும் மவுண்டிங் போல்ட்டுகளையும் லேசா லூஸ் பண்ணிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம கையால முன்ன பின்ன ஆட்டி தானா ஒரு இடத்துல உட்கார விட்டு, அப்புறம் மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவு) டைட் பண்ணுங்க. இன்ஜினுக்கு கீழ ஜாக்கை மரக்கட்டை வச்சு தாங்கிட்டுத்தான் இதை செய்யணும். இந்த வண்டிங்கள்ல மவுண்டிங் போல்ட் நிறைய இழுபடுற வகை, டார்க் வச்சதுக்கு மேல 90 டிகிரி திருப்பணும்னு இருக்கும், அதை ஒருதடவை கழட்டுனா புதுசுதான் போடணும்.

இன்சர்ட் "கொஞ்ச நாள்ல செட் ஆயிடும்"னு சொல்வாங்க. சில நூறு கிமீக்குள்ள கொஞ்சம் தணியும், உண்மைதான், ஆனா தணியறது கொஞ்சம்தான். 1000 கிமீ ஓட்டியும் ஏசி போட்டு நிக்க முடியலன்னா அது செட் ஆகப்போறதில்ல. அதை விட மெத்துன்னான இன்சர்ட் போடுங்க, இல்லன்னா ஓட்டை விட்ட இன்சர்ட் கிடைச்சா அது. டிராஃபிக்ல தினமும் ஓட்டற 3 சிலிண்டர் வண்டிக்கு புது கம்பெனி டாக்போனே போதும்னு நான் சொல்லுவேன், தேஞ்சுபோன பழசுக்கும் புதுசுக்கும் இருக்கிற வித்தியாசமே கியர் மாத்தும்போது நல்லா தெரியும்.

ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல மட்டும் காதை அடைக்கிற உறுமல்

கீழயும் இல்ல மேலயும் இல்ல, 4 சிலிண்டர்னா 2000க்கும் 2500க்கும் நடுவுல மட்டும் ஊம்னு ஒரு அழுத்தம் காதுல விழும், கண்ணாடியை ஒரு விரல் இறக்குனா குறையும். கேபின் ஒரு மூடின பெட்டி, 2.4 மீட்டர் நீளம்னு வச்சா அதுக்குள்ள காத்து தானா அதிர்ற வேகம் 70 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். 4 சிலிண்டர் இன்ஜின் 2100 ஆர்பிஎம்ல தர்றதும் அதே 70 ஹெர்ட்ஸ், 3 சிலிண்டர்ல அது 2800ல வரும். ரெண்டும் சேரும்போது உறுமும்.

இதுக்கு புஷ்ஷை கழட்டறதுக்கு முன்னாடி சைலன்சரை பாருங்க, நிஜமாவே பல வண்டில இதுதான் குற்றவாளி. சப்ஃப்ரேமை இறக்கி ஏத்தும்போது எக்ஸாஸ்ட் பைப் லேசா நகர்ந்து பாடியையோ பின் பீமையோ தொட்டுக்கிட்டு நிக்கும், இல்லன்னா தொங்கவிடற ரப்பர் ஒரு பக்கமா இழுத்திருக்கும். இன்ஜின் சூடாறதுக்கு முன்னாடி கையால பைப்பை நாலு பக்கமும் ஆட்டுங்க, எங்கயும் இடிக்கக் கூடாது. ஹீட் ஷீல்டு தகரத்தை விரல் முட்டியால தட்டுனா கலகலன்னு சத்தம் வரக்கூடாது. ஏசி பைப், கியர் கேபிள், வயரிங் கிளிப் இதெல்லாம் பாடில அதன் இடத்துல உட்கார்ந்திருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க, ஒரு கேபிள் ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகரம்) சாஞ்சு நின்னாலே சத்தம் உள்ள வர ஒரு வழி கிடைச்சிடும்.

எல்லாம் சரியா இருந்தும் உறுமுதுன்னா அது மவுண்டிங் கெட்டித்தனம். கியரை ஒண்ணு மாத்தி அந்த ஆர்பிஎம்மை தாண்டி ஓட்டலாம், இல்லன்னா மெத்துன்னான மவுண்டிங். டிக்கி தளத்துலயும் பின் கதவுலயும் டேம்பிங் ஷீட் ஒட்டுனா தகரம் அதிர்றது குறையும், ஆனா 70 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு அதை மட்டும் நம்பி காசு போடாதீங்க.

ஸ்பீடு பிரேக்கர்ல, பார்க்கிங்ல மெதுவா போகும்போது கிரீச், முனகல்

இது காஞ்ச பாலி. காலையில, வெயில் காலத்துல, தூசி ரோட்டுல ஓட்டின பிறகு ஜாஸ்தியா இருக்கும், மழையில நின்னுடும், அந்த மழைதான் உங்களுக்கு துப்பு. தண்ணி ஸ்பிரே பாட்டில் எடுத்துக்கிட்டு ஒரு நேரத்துல ஒரு புஷ் மேல மட்டும் தண்ணி அடிங்க, கூட ஒருத்தரை வச்சு பேனட்டை அமுக்கி அமுக்கி ஆட்ட சொல்லுங்க. எந்த புஷ்ல தண்ணி பட்டதும் சத்தம் நிக்குதோ அதுதான். முதல்ல ஸ்டெபிலைசர் பார் (வளைவுல வண்டி சாயாம பிடிக்கிற கம்பி) புஷ்ல ஆரம்பிங்க, பெரும்பாலும் அங்கயே முடிஞ்சிடும்.

கழட்டி, துணியால பழைய மண்ணு கலந்த கிரீஸை முழுக்க துடைச்சுட்டு, சிலிகான் கிரீஸ் தடவுங்க, பிடிஎஃப்இ (டெஃப்லான்) கலந்தது இன்னும் நல்லது. கிட்டோட வர்ற சின்ன பாக்கெட் பல சமயம் பத்தாது, தனியா ஒரு டியூப் வாங்கிக்கங்க. உள் துளையில மட்டும் தடவுனா போதாது, புஷ்ஷோட ரெண்டு பக்க விளிம்பும் பிராக்கெட்டோட உரசும், அங்கயும் தடவணும். சாதாரண வீல் பேரிங் கிரீஸும் எஞ்சின் ஆயிலும் வேணாம், அது பக்கத்துல இருக்கிற ரப்பர் பூட், ரப்பர் புஷ் மேல படும்போது ரப்பரை ஊத வச்சிடும். சத்தம் வந்ததும் துரு எடுக்கிற ஸ்பிரேயை அடிக்கிறது ரொம்ப பேருக்கு பழக்கம், அது ரெண்டு நாளைக்கு அடங்கும், இருக்கிற நல்ல கிரீஸையும் கழுவிட்டு போயிடும்.

ஸ்டெபிலைசர் பாருக்கு இன்னொரு சோதனை. பாரோட முனைகளை ஸ்ட்ரட்டோட சேர்க்கிற ரெண்டு லிங்க் ராடையும் ஒரு முனையில கழட்டிட்டு பாரை கையால மேல கீழ ஆட்டுங்க, கொஞ்சம் இறுக்கத்தோட ஆனா விக்காம சுத்தணும். கல்லு மாதிரி நின்னா புஷ் அளவு தப்பு, பாரோட விட்டத்தை வெர்னியர் வச்சு அளந்து பாருங்க, 1 மிமீ வித்தியாசம் போதும் வண்டியோட மெத்துத்தனத்தையே கெடுக்க. பாருல பழைய துரு, பெயிண்ட் உதிர்ந்த சொரசொரப்பு இருந்தா நைஸ் உப்புத்தாள் போட்டு தேச்சிட்டு மாட்டுங்க.

டக், லொட், தொப்

இதுல அவசரம் காட்டணும், ஏன்னா சத்தத்தோட பாதுகாப்பும் சேர்ந்திருக்கு. பிரேக் அடிக்கும்போது ஒரு டக், ரிவர்ஸ் போட்டு எடுக்கும்போது இன்னொரு டக்னு வந்தா லோயர் ஆர்ம் போல்ட் இல்லன்னா சப்ஃப்ரேம் போல்ட் லூசு. அன்னைக்கே டார்க் ரெஞ்ச் வச்சு பாருங்க, அதுவரைக்கும் ஹைவேக்கு எடுக்காதீங்க. வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு போல்ட் தலையிலேர்ந்தும் பிராக்கெட் வரைக்கும் பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க, அப்புறம் கீழ குனிஞ்சு பார்த்தாலே நகர்ந்திருக்கான்னு தெரியும்.

போல்ட் எல்லாம் டைட், ஆனாலும் தட்டுதுன்னா புஷ் மாட்டுன விதத்துல இருக்கு. பாலி கிட்ல சிலது பழைய புஷ்ஷோட வெளி ஷெல்லை அப்படியே ஆர்ம்ல விட்டுட்டு உள்ள இருக்கிற ரப்பரை மட்டும் எடுக்க சொல்லும், சிலது ஷெல்லையும் பிரஸ்ல தள்ளிட்டு மாட்ட சொல்லும். இதை மாத்தி பண்ணா ஒண்ணு புஷ் உள்ள போகவே போகாது, இல்லன்னா போட்ட பிறகு லொட லொடன்னு இருக்கும். பட்டறையில ரப்பரை எரிச்சு எடுக்கிற பழக்கம் இருக்கு, அடியில கருகின ரப்பர் கட்டியா ஒட்டிக்கிட்டு இருந்தா புஷ் கோணலா உட்காரும். அலுமினிய ஆர்ம்னா தீ காட்டவே விடாதீங்க, உலோகத்தோட பலம் போயிடும்.

உள்ள இருக்கிற இரும்பு சிலீவ் பாலியை விட மயிரிழை நீளமா இருக்கணும், போல்ட் டைட் பண்ணும்போது பிராக்கெட் சிலீவை பிடிக்கணும், பாலியை நசுக்கக் கூடாது. சிலீவ் குட்டையா இருந்தா பாலி நசுங்கி ஆர்ம் விக்கும், ஒவ்வொரு பள்ளத்துலயும் முழு இடியும் உள்ள வரும். சிலீவ் ரொம்ப நீளமா இருந்து ரெண்டு பக்கமும் இடைவெளி விழுந்தா ஆர்ம் பக்கவாட்டுல போய் இடிக்கும். கிட்ல வந்த வாஷர் ஒண்ணு டப்பாவுலயே மிச்சம் கிடக்குதான்னு தேடிப் பாருங்க.

இதெல்லாம் தாண்டி, லிங்க் ராட், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மேல் மவுண்ட், இதுங்க ஏற்கனவே தேஞ்சிருந்து இப்பதான் வெளிய தெரியலாம். வண்டியை தூக்கி ஸ்டாண்ட்ல வச்சு (ஜாக்கை மட்டும் நம்பி கீழ படுக்கவே படுக்காதீங்க) வீலை மேல கீழ பிடிச்சு ஆட்டுங்க, அப்புறம் பக்கவாட்டுல. லிங்க் ராட் சந்தேகம்னா ரெண்டு பக்கமும் கழட்டி கம்பியால கட்டி வச்சுட்டு தெருவுல மெதுவா ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க, சத்தம் போயிட்டா அதுதான்.

80லேர்ந்து 110க்குள்ள ஸ்டியரிங் நடுங்குது

புஷ்ஷை திட்டாதீங்க. முந்தி வீல் பேலன்ஸ்ல இருந்த சின்ன குறையை ஆர்ம் பின் புஷ்ஷோட ரப்பர் விழுங்கிட்டு இருந்தது, இப்ப விழுங்க ஆளில்ல. ஃபோன் ஸ்பெக்ட்ரம்ல 100ல 15 ஹெர்ட்ஸ், 80ல 12 ஹெர்ட்ஸ்னு வேகத்தோட கூடவே நகர்ந்தா உறுதி. நாலு வீலையும் கழுவி, உள் விளிம்புல ஒட்டியிருக்கிற காஞ்ச சேத்தை சுரண்டிட்டு, பேலன்சிங் பண்ணுங்க, மெஷின் பூஜ்ஜியம் காட்டுன பிறகு வீலை கழட்டி பாதி சுத்து திருப்பி மாட்டி மறுபடி ஓட விட சொல்லுங்க. மறுபடி பூஜ்ஜியம் வரலன்னா வீலை மெஷின்ல கோணலா மாட்டியிருக்காங்க.

வெளி அலாய் போட்டிருக்கீங்கன்னா நடு ஓட்டை ஹப்புக்கு சரியா பொருந்துதான்னு பாருங்க, இந்த வண்டிங்களுக்கு ஹப் 57.1 மிமீ, அலாய் ஓட்டை அதை விட பெருசா இருந்தா நடுவுல வளையம் வேணும். பேலன்ஸ் சரி, வளையம் சரி, அப்பவும் நடுங்குதுன்னா முன் டயர் ரெண்டையும் பின்னாடி மாத்துங்க. நடுக்கம் ஸ்டியரிங்லேர்ந்து சீட்டுக்கு போச்சுன்னா டயரே வட்டமா இல்ல இல்லன்னா ரிம் நெளிஞ்சிருக்கு.

பிரேக் மிதிச்சா மட்டும் நடுங்குனா டிஸ்க். ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது மட்டும் நடுங்கி காலை எடுத்ததும் நின்னா டிரைவ் ஷாஃப்ட்டோட உள் ஜாயின்ட், அதுல மூணு உருளை இருக்கிறதால வீல் சுத்தறதுல மூணு மடங்கு, அதாவது 100ல 45 ஹெர்ட்ஸ் பக்கம் காட்டும். வண்டியை தாழ்த்தியிருந்தா ஷாஃப்ட் கோணம் கூடி இது இன்னும் சீக்கிரம் வரும். கிளம்பும்போது முதல் கியர்ல மட்டும் உதறல் வந்தா அது கிளட்ச் உதறல், டிரை கிளட்ச் வண்டிங்கள்ல கெட்டி மவுண்டிங் போட்டதும் நல்லாவே தெரிய ஆரம்பிக்கும்.

எல்லா வேகத்துலயும் ரோடு இரைச்சல், பேச கத்த வேண்டியிருக்கு

இதுதான் நான் மேல சொன்ன நிஜ விலை, ஆனா எந்த புஷ் எவ்வளவு விலை கேக்குதுன்னு தெரிஞ்சிக்கிட்டா பேரம் பேசலாம். எல் வடிவ லோயர் ஆர்ம்ல முன் புஷ் பக்கவாட்டு பாரத்தை தாங்கும், ஸ்டியரிங் கூர்மை அங்கேர்ந்து வருது, அதை கெட்டியாக்குனா சத்தம் கொஞ்சம்தான் கூடும். பின் புஷ் பெருசா இருக்கும், பள்ளத்துல வீல் இடிக்கும்போது ஆர்ம் பின்னாடி ஒரு துளி நகர்றதுக்காக அதை மெத்துன்னு வச்சிருக்காங்க. அதுல பாலி போட்டா ரோட்டோட ஒவ்வொரு கல்லும் கேபின் தரைக்கு வந்துடும். பின் பீம் புஷ்ஷும் அப்படித்தான், அதோட அங்க இருக்கிற ஓட்டைங்க வளைவுல பின் வீல் நேரா நிக்க உதவி பண்றதுக்குன்னும் சேர்த்து வடிவமைச்சது, பாலி போட்டு அதை அடைச்சா சத்தம் கூடுறதுதான் மிச்சம். ஸ்டெபிலைசர் பார் புஷ் ரொம்ப குறைஞ்ச விலைக்கு நல்ல பலன் தர்றது, கிரீஸ் மட்டும் பார்த்துக்கணும்.

அதனால மொத்தத்தையும் திருப்பி மாத்தாம, ஆர்ம் பின் புஷ்லயும் பின் பீம்லயும் மட்டும் ரப்பருக்கு திரும்புங்க. முழு மெத்து வேணாம்னா ஓட்டை இல்லாத கெட்டி ரப்பர் புஷ் சில மாடலுக்கு கிடைக்குது, ஒட்டின ரப்பர்ங்கிறதால கிரீச் சத்தமும் வராது, தினமும் ஓட்டற வண்டிக்கு என் முதல் தேர்வு அதுதான். ஓட்டை இருக்கிற புஷ் போட்டா அம்புக்குறி எந்த பக்கம் பார்க்கணும்னு மேனுவல்ல பார்த்து பிரஸ் பண்ண சொல்லுங்க, 90 டிகிரி திரும்பி உட்கார்ந்தா மெத்து வேண்டிய பக்கம் கெட்டியா போயிடும்.

அதுக்கு முன்னாடி டயர் காத்தை பாருங்க, கதவு ஓரத்துலயோ பெட்ரோல் மூடியிலயோ ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கிற அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது. பங்க்ல 36, 38னு அடிச்சு விட்டிருந்தா பாதி இரைச்சல் அங்கதான். டயர் பழசா, ரப்பர் கெட்டிப்பட்டு, ஓரம் பல்லு பல்லா தேஞ்சிருந்தா எந்த புஷ் போட்டும் பிரயோஜனம் இல்ல. அந்த இரைச்சல் வேகத்தோட ஏறி, இடது பக்கம் வளைக்கும்போது கூடி வலது பக்கம் வளைக்கும்போது குறைஞ்சா வீல் பேரிங்கையும் பாருங்க.

ரப்பர் புஷ் திரும்ப மாட்டும்போது ஒரே ஒரு விஷயத்துல விட்டுக்கொடுக்காதீங்க. வண்டி தூக்கி வீல் தொங்கிட்டு இருக்கும்போது ஆர்ம் போல்ட்டை முழுசா டைட் பண்ணிட்டா, கீழ இறக்குனதும் ஒட்டின ரப்பர் நிரந்தரமா முறுக்கிக்கிட்டு நிக்கும், வண்டி கல்லு மாதிரி ஓடும், புது புஷ் சில மாசத்துல கிழிஞ்சிடும். தூக்கறதுக்கு முன்னாடியே ஹப் நடுவுலேர்ந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து எழுதிக்கங்க, அப்புறம் ஆர்ம் கீழ ஜாக் வச்சு அதே அளவு வர்ற வரைக்கும் ஏத்திட்டு டைட் பண்ணுங்க. அலைன்மென்ட் ராம்ப் இருந்தா இன்னும் நல்லது, வீல் மேலயே நிக்கும். சப்ஃப்ரேமை இறக்கியிருந்தா வீல் அலைன்மென்ட் கட்டாயம், ஸ்டியரிங் நேரா நிக்கலன்னா சப்ஃப்ரேம் சில மிமீ தள்ளி உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம், டை ராடை திருப்பி மூடி மறைக்க விடாதீங்க, சப்ஃப்ரேமையே நகர்த்தி வைக்க சொல்லுங்க. 500 கிமீ ஓடினதும் பெயிண்ட் கோடு போட்ட போல்ட் எல்லாத்தையும் ஒருதடவை பார்த்துடுங்க.